ஓட்டிசம்: மறைக்கும் பிள்ளைகளும் மறைக்கப் பழக்கும் நாங்களும்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் என்று எழுதி வருகிறோம். இம்முறை அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, எமது வீடுகளில் கதவைச் சாத்திய பிறகு மட்டும் கதைக்கப்படும் ஒரு விடயத்தை எழுத நினைத்தோம்.

சில வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையைத் தாயார் எங்களிடம் கூட்டி வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். வயிற்றுக்குத்து, தலையிடி, திங்கட்கிழமை காலையென்றால் சத்தி. இரத்தம் சோதித்தோம். வயிற்றை ஸ்கான் செய்வித்தோம். கண் பார்க்க அனுப்பினோம். இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு என்று குளிசை எழுதிக் கொடுத்தோம். பள்ளிக்கூட றிப்போட்டில் எல்லாப் பாடமும் தொண்ணூறுக்கு மேல். ஆசிரியர்களிடமிருந்து ஒரு முறைப்பாடும் இல்லை. “சரியான அமைதியான பிள்ளை டொக்டர், சொன்ன சொல் தட்டமாட்டா” என்றார் தாயார். நாங்களும் அதை ஒரு நற்சான்றாகவே எடுத்துக்கொண்டோம். பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், கேட்டதற்கெல்லாம் அளவாகப் பதில் சொன்னார்.

அதே பிள்ளை பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் விடுதி அறையை விட்டு வெளியே வராமல், குளிக்காமல், சாப்பிடாமல், கடைசியில் பேச்சும் குறைந்து வீட்டுக்குக் கூட்டிவரப்பட்டார். மனச்சோர்வு என்று மருந்து தொடங்கினோம். பிறகுதான், 19 வயதில், ஓட்டிசம் என்பது உறுதியானது. அதன் பின் ஒருநாள் அவர் சொன்னவற்றை நாங்கள் மறக்கவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்தே பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை எப்படிச் சிரிக்கிறாள் என்று பார்த்துப் பழகினாராம். ஆட்களின் கண்ணைப் பார்க்க முடியாததால் இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்ப்பாராம். எங்களிடம் வரும் நாட்களில் காருக்குள் இருந்து, என்ன கேட்டால் என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு வருவாராம். எங்கள் அறையில் நாங்கள் பார்த்தது அந்தப் பாடத்தைத்தான். நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இது எங்களுடைய தவறு என்பதை இங்கே பதிவு செய்வது நியாயம்.

ஓட்டிசம் உள்ளவர்கள் தமது சிரமங்களை மறைத்து மற்றவர்களைப் போல நடந்துகொள்வதை ஆங்கிலத்தில் ‘மாஸ்கிங்’ என்பார்கள். தமிழில் முகமூடி போடுதல் என்று சொல்லலாம். இது ஏமாற்று வேலை அல்ல. தாம் அப்படிச் செய்கிறோம் என்பதே தெரியாமல் பல வருடம் செய்பவர்கள் இருக்கிறார்கள். கையை ஆட்டவேண்டும் போல் வரும்போது சப்பாத்துக்குள் கால்விரல்களை மடக்கிக்கொள்வது, தொலைக்காட்சியில் கேட்ட வசனங்களைத் தன் பேச்சில் பாவிப்பது, பகிடி விளங்காவிட்டாலும் மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரிப்பது, கலியாண மண்டபத்தில் சத்தம் தாங்காமல் மலசலகூடத்துக்குள் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வருவது எல்லாம் இதற்குள் அடங்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளை வெடிக்கும், அல்லது போர்வைக்குள் சுருண்டுவிடும். “பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை, எங்களிடம்தான் இந்த ஆட்டம்” என்று பெற்றோர் குறைப்படுவார்கள். உண்மையில், நாள் முழுவதும் அடக்கி வைத்ததைப் பயமில்லாமல் அவிழ்த்து விடக்கூடிய ஒரே இடம் வீடு என்பதால்தான் அது அங்கே வருகிறது.

மருத்துவ உலகத்துக்கும் இது பிந்தித்தான் விளங்கியது. 1943 இல் லியோ கானர் எழுதிய முதற் கட்டுரையில் இருந்த 11 பிள்ளைகளில் 8 பேர் ஆண்பிள்ளைகள். அதன் பின் பல பத்தாண்டுகளாக, ஓட்டிசம் என்றால் பேசாமல் தனக்குள் ஒதுங்கியிருக்கும் ஒரு சிறுவன் என்ற படமே எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது. நாங்கள் படித்த காலத்தில் இதற்கு ஒரு விரிவுரையில் சில நிமிடங்கள் கிடைத்ததாகவே ஞாபகம். 2013 இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கைந்நூலின் ஐந்தாம் பதிப்பில்தான், சிறுவயதிலேயே தொடங்கும் இந்த அறிகுறிகள் பிற்காலத்தில் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைக்கப்பட்டிருக்கலாம் என்ற கருத்து சேர்க்கப்பட்டது.

2017 இல் பிரித்தானிய ஆய்வாளர் லோறா ஹல் குழுவினர் ஓட்டிசம் உள்ள 92 வளர்ந்தவர்களிடம், ஏன் மறைக்கிறீர்கள், மறைத்தால் என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். மற்றவர்களோடு சேர்ந்திருக்க வேண்டும், உறவுகள் வேண்டும் என்பவையே முக்கிய காரணங்களாக வந்தன. விளைவு என்னவென்றால் கடுமையான களைப்பு, ‘நான் உண்மையில் யார்’ என்ற குழப்பம். அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வுக்குத் தலைமை தாங்கிய மெங்-சுவான் லாய், எங்கள் ரொறொன்ரோவிலுள்ள ‘காம் எச்’ மனநல மருத்துவமனையில் பணியாற்றும் மருத்துவர். பிரித்தானியாவில் ஓட்டிசம் உள்ள 30 ஆண்களிலும் 30 பெண்களிலும், உள்ளே இருக்கும் சிரமத்துக்கும் வெளியே தெரியும் நடத்தைக்கும் இடையிலான தூரத்தை அளந்து பார்த்தார்கள். சராசரியாகப் பெண்களில் அந்தத் தூரம் கூடுதலாக இருந்தது. ஆனால் ஆண்களும் மறைக்கிறார்கள், அப்படிக் கூடுதலாக மறைத்த ஆண்களில் மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன.

2018 இல் சாறா கசிடி குழுவினர் வெளியிட்டது இதைவிடப் பாரதூரமானது. மறைத்து வாழ்தல் என்பது ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களில் தற்கொலை எண்ணங்களுடன் தொடர்புடைய ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று அவர்கள் கண்டார்கள். இதை வாசிக்கும் ஒரு வீட்டில் அப்படியான பேச்சு எழுந்திருந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். 988 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911.

எத்தனை பேர் என்று கேட்பீர்கள். 2019 ஆம் ஆண்டின் கனடியச் சிறுவர், இளைஞர் சுகாதார ஆய்வின்படி 1 முதல் 17 வயது வரையானோரில் 50 பேருக்கு ஒருவர். ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளை விட ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2017 ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, ஊருக்குள் தேடிப் போய்ச் சோதித்தால் இந்த விகிதம் மூன்றுக்கு ஒன்றுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. அதாவது பெண்பிள்ளைகள் பலர் கண்ணில் படாமல் போகிறார்கள்.

எமது வீடுகளில் அவர்கள் கண்ணில் படாமல் போவது இன்னும் சுலபம். வெள்ளைக்கார வகுப்பு ஆசிரியை ஒரு பிள்ளை தன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றால் குறித்துக்கொள்வார். நாங்களோ பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்கும் பெண்ணை அடக்கமான பிள்ளை என்போம். ஒரே விடயத்தை மணிக்கணக்கில் படிக்கும் பையன் கெட்டிக்காரன். சிநேகிதர் இல்லாத பிள்ளை கூடாத சகவாசம் இல்லாத பிள்ளை. ஆடைத் தையல் உறுத்துகிறது என்று அழும் பிள்ளை செல்லம் கூடிப்போன பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 2013 இல் வந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படம் ஓட்டிசம் உள்ள பிள்ளையையும் தந்தையையும் பற்றிப் பல தமிழ்க் குடும்பங்களைச் சிந்திக்க வைத்தது, நல்ல விடயம். ஆனால் அந்தப் படத்துப் பையனைப் போல் இல்லாவிட்டால் அது ஓட்டிசமே இல்லை என்று எங்களோடு வாதாடியவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சு வராத, இரவில் நித்திரை கொள்ளாத பிள்ளையோடு போராடும் பெற்றோர் இதை வாசித்துவிட்டு, “முகமூடி போடுமளவுக்கு என் பிள்ளை இருந்தால் போதுமே” என்று நினைக்கக்கூடும். அவர்களுடைய பாரம் வேறு, அதைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. ஆனால் வெளியே தெரியாத சிரமம் சிறிய சிரமம் என்று நினைப்பதுதான் பிழை.

இந்த மறைப்பு எமது தலைமுறைக்குப் புதிதும் அல்ல. 1990களில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களுக்குத் தெரியும். வீதிக்கு இறங்கமுன் பெண்கள் பொட்டை அழித்தார்கள். பஸ்ஸுக்குள் தமிழ் பேசாமல் இருந்தோம். சோதனைச் சாவடியில் கையில் அடையாள அட்டை, முகத்தில் ஒரு சாதாரணப் பார்வை, உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். அறைக்குத் திரும்பிக் கதவைப் பூட்டியதும் கட்டிலில் விழுந்த அந்தக் களைப்பு வேலை செய்த களைப்பு அல்ல. எங்களுக்கு அது சில மாதங்கள், சிலருக்குச் சில வருடங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு பள்ளி நாளும் அப்படி. இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் ‘மறைத்தால் என்ன, கொஞ்சம் சமாளிக்கலாம்தானே’ என்று மற்ற எவர் சொன்னாலும் நாங்கள் சொல்லக்கூடாது.

“அப்படியென்றால் பிள்ளைக்கு நாலு பேரோடு பழகக் கற்றுக்கொடுக்கவே கூடாதா?” என்று ஒரு தகப்பன் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த மாமாவுக்கு வணக்கம் சொல்லப் பழக்குங்கள். முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நாடியைப் பிடித்துத் திருப்பாதீர்கள். வேலை நேர்முகத் தேர்வில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொடுங்கள், அது உதவி. சத்தத்தில் காதைப் பொத்திய பிள்ளையின் கையைத் தட்டிவிடுவது உதவி அல்ல. எங்கே மறைப்பது, எங்கே விடுவது என்று தீர்மானிப்பது அந்தப் பிள்ளையின், வளர்ந்த பின் அந்த மனிதரின் உரிமை. ‘முகமூடியைக் கழற்று’ என்று கட்டளை போடுவதும் இன்னொரு நெருக்குதல்தான். கழற்றினால் வேலையிடத்தில், பள்ளிக்கூடத்தில் அடி விழும் என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். வீட்டிலாவது அது தேவைப்படாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். பள்ளியால் வந்ததும் ஒரு மணி நேரம் கேள்வி கேட்காமல் விடலாம். தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, கணக்கு வகுப்பு என்று சனிக்கிழமை முழுவதும் காரில் ஏற்றி இறக்குவதில் ஒன்றையாவது குறைக்கலாம். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் திருவிழாக் கூட்டமும் மேளமும் தாங்காவிட்டால், கூட்டமில்லாத ஒரு வாரநாளில் கூட்டிக்கொண்டு போகலாம்.

நாங்கள் வாதாட விரும்பும் முக்கிய விடயம் இனித்தான் வருகிறது. ஓட்டிசம் என்று உறுதியான பிறகும் அதைப் பிள்ளைக்கே சொல்லாமல் மறைக்கும் பெற்றோர் எமது சமூகத்தில் குறைவில்லை. நான்கு வயதில் உறுதியானதை, பதினாறு வயதுப் பையன் பக்கத்தில் இருக்கும்போது, “அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் டொக்டர்” என்று கண்ணால் சாடை காட்டுவார்கள். பிள்ளை மனம் உடைந்துவிடும் என்ற பயம். ஆனால் அந்தப் பிள்ளை தான் மற்றவர்களைப் போல இல்லை என்பதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. பெயர் சொல்லாவிட்டால் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறது: மடையன், சோம்பேறி, விசர். ஓட்டிசம் உள்ள 78 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2023 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், இளவயதிலேயே இதை அறிந்துகொண்டவர்களின் வாழ்க்கைத் திருப்தி கூடுதலாக இருந்தது. ஒரே நாளில் உட்காரவைத்து விரிவுரை நடத்த வேண்டியதில்லை. “உன் மூளை சத்தத்தை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கேட்கிறது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது” என்று ஏழு வயதில் தொடங்கலாம்.

மறைப்பதற்குப் பெற்றோர் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, குடிவரவு. மருத்துவக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும், ஸ்பொன்சர் செய்யப்படும் கணவன், மனைவி, தங்கிவாழும் பிள்ளைகளுக்கும் ‘அதிக மருத்துவச் செலவு’ என்ற விதி பொருந்தாது. மற்றவர்களுக்கும் 2018 இல் அந்தச் செலவு எல்லை மூன்று மடங்காக உயர்த்தப்பட்டு, விசேட கல்விச் செலவு கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு மருத்துவப் பரிசோதனையே கிடையாது. இங்கு பிறந்த பிள்ளைக்கு இந்தப் பயம் முற்றிலும் தேவையற்றது.

மற்றது கலியாணம். இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. சம்பந்தம் பேசும்போது மறைத்து, தாலி கட்டி ஒரு வருடத்துக்குள் இரண்டு குடும்பமும் எங்கள் அறையில் தனித்தனியாக வந்து அழுததைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பையன் கெட்டவன் அல்ல. வெளியே எட்டு மணி நேரம் போட்ட முகமூடியை வீட்டிலும் இருபத்துநான்கு மணி நேரம் போட முடியவில்லை, அவ்வளவுதான். தன் மனைவிக்குச் சொல்ல அவனுக்கே அதன் பெயர் தெரியாது. தாய் தகப்பனுக்குத் தெரிந்திருந்தது.

“இப்போது எல்லோருக்கும் ஓட்டிசம் என்கிறார்கள், இது ஒரு நாகரிகம்” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கூச்ச சுபாவம் எல்லாம் ஓட்டிசம் அல்ல. மனப்பதற்றம், கவனக்குறைபாடு, போரின் பாதிப்பு, பள்ளியில் துன்புறுத்தல் ஆகியவையும் இதைப் போலவே தோன்றலாம். இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் எழுதி முடிவெடுக்கக்கூடாது. அதற்காகத்தான் முறையான பரிசோதனை. ஒன்ராறியோவில் வைத்தியர்கள், உளவியலாளர்கள், நேர்ஸ் பிராக்டிஷனர்கள் இதைச் செய்யலாம். ஒன்ராறியோ ஓட்டிசத் திட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்தான், காத்திருப்பும் நீண்டது. 18 தாண்டியவர்களின் நிலை மோசம். குடும்ப வைத்தியர் அனுப்பும் மனநல மருத்துவருக்கு ஓஹிப் பணம் கட்டும், ஆனால் இதில் அனுபவம் உள்ளவர் குறைவு. தனியார் உளவியலாளரிடம் போனால் செலவு உங்களுடையது. வேலையிடக் காப்புறுதியில் உளவியலாளருக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெருந்தொகைச் செலவில் ஒரு பகுதியாவது குறையும். மாகாண அரசு வளர்ந்தவர்களை இப்படிக் கைவிட்டிருப்பது வெட்கக்கேடு. எமது சங்கங்கள் மேடைக்கு அழைக்கும் மாகாண உறுப்பினர்களிடம் பொன்னாடை போர்க்கும் முன் இதைக் கேட்கலாம்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் எழுத்தில் கேட்டால், அதிபர் பிள்ளையை ஐ.பி.ஆர்.சி. எனப்படும் விசேட கல்விக் குழுவின் முன் கொண்டுபோயே ஆக வேண்டும். மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்பது மறுப்பதற்குக் காரணம் அல்ல. வேலையிடத்தில் தேவை என்ன என்பதைச் சொன்னால் போதும், பொதுவாக நோயின் பெயரை முதலாளிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கேட்க வேண்டாம். இரண்டு மொழி ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அம்மம்மாவோடு கதைக்க இருக்கும் ஒரே மொழியைப் பறித்து என்ன பயன்?

சந்தேகம் இருந்தால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஒரு நீண்ட சந்திப்பு நேரம் கேளுங்கள். பாலர் வகுப்பிலிருந்து வைத்திருக்கும் றிப்போட் கார்ட்டுகளை எறியாமல் கொண்டு வாருங்கள். மதிப்பெண்ணைவிட, ‘இடைவேளையில் தனியாக இருக்கிறார்’, ‘மாற்றங்களுக்குப் பழக நேரம் எடுக்கிறார்’ என்று ஓரத்தில் ஆசிரியர் எழுதிய வரிகள்தான் எங்களுக்குத் தேவை. வளர்ந்தவரைப் பரிசோதிக்கும்போது சிறுவயதுச் சான்று அவசியம். பிள்ளை எங்களோடு தனியாகக் கதைக்க விரும்பினால் நீங்கள் வெளியே இருங்கள். ஒன்ராறியோவில் தன் சிகிச்சை பற்றித் தீர்மானிக்க வயதெல்லை கிடையாது, விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இருந்தால் போதும். கதவு திறந்ததும் “டொக்டர், என்ன சொன்னவ?” என்று எங்களைக் கேட்காதீர்கள். பிள்ளை சொல்ல விரும்பினால் காரில் போகும்போது சொல்லும், அப்போது வானொலியைக் கொஞ்சம் குறைத்து விடுங்கள்.